இரத்த அழுத்த மருந்து எந்த வாசலை அடைக்கிறது? தசைச் செல்லின் கால்சியத்தை அளந்து பார்க்கும் முறை

அம்லோடிபின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் அம்மா ஒரு நாள் கேட்டார்: "இது கால்சியத்தைத் தடுக்கிற மருந்து என்கிறார்கள். எலும்புக்காகக் கால்சியம் மாத்திரையும் சாப்பிடச் சொல்கிறார்கள். ஒன்று கொடுப்பதை மற்றொன்று தடுத்துவிடாதா?" தடுக்காது என்றேன். இரத்தத்தில் எவ்வளவு கால்சியம் ஓடுகிறது என்பதில் இந்த மருந்து தலையிடுவதில்லை. இரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைகிற ஒரு வழியை அது குறுக்குகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அம்மா விடவில்லை. "நுழைவதை நீ கண்ணால் பார்த்திருக்கிறாயா?"

பார்த்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக அதுதான் என் வேலை. நுண்ணோக்கி அறைக்குள் முதல் முறையாக வரும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவதுபோல் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சில அளவுகளை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கட்டற்ற கால்சியம் ஏறத்தாழ 1.2 மில்லிமோலார். ஓய்வாக இருக்கும் மென்தசைச் செல்லுக்குள் (குழாய்ச் சுவரின் தசை இந்த வகைதான்) அது வெறும் 100 நானோமோலார்; ஒரு மில்லிமோலார் என்பது பத்து லட்சம் நானோமோலார். சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. செல் சுருங்கும்போது உள்ளே இருக்கும் அளவு 500 வரை, சில வேளை 1,000 நானோமோலார் வரை ஏறுகிறது. அந்தச் சிறு ஏற்றமே கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியை எழுப்புகிறது. நொதி மயோசினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கிறது, குழாய் குறுகுகிறது. குழாயின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிராக மாறுவதால், ஆரம் 10 சதவீதம் விரிந்தாலே தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சில நூறு நானோமோலார் ஏற்ற இறக்கத்தை அளக்க நாம் ஏன் இத்தனை பாடுபடுகிறோம் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

செல்லுக்குள் கால்சியம் ஏறுவதற்கு இரண்டு பெரிய வாசல்கள் இருக்கின்றன. ஒன்று சவ்வில் உள்ள எல்-வகைக் கால்சியம் சேனல். ஓய்வில் எதிர்மறையாக இருக்கும் சவ்வின் மின்னழுத்தம் சுழியை நோக்கி நகர்ந்தால் அது திறக்கும். மற்றொன்று செல்லுக்குள்ளேயே இருக்கும் கால்சியக் கிடங்கு. ஆஞ்சியோடென்சின், நார்அட்ரினலின் போன்றவை தங்கள் ஏற்பியில் அமர்ந்ததும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி அந்தக் கிடங்கைத் திறந்துவிடுகிறது. முதல் வாசலைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் மூன்றாவது ஒன்றும் உண்டு. பொட்டாசியம் சேனல்கள் திறந்தால் சவ்வின் மின்னழுத்தம் மேலும் எதிர்மறையாகி, எல்-வகைச் சேனல் தானாக மூடிக்கொள்ளும்.

"இந்த மருந்து கால்சியத்தைக் குறைத்தது" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை நான் ஏற்பதில்லை. எந்த வாசலில் குறைத்தது என்று தெரியாதவரை வேலை பாதியில்தான் நிற்கிறது.

எந்தச் செல்

பழகுவதற்கு ஏ7ஆர்5 நல்லது. எலிக் கருவின் பெருநாடியிலிருந்து 1970-களில் உருவாக்கப்பட்ட செல் வரிசை இது. எல்-வகைச் சேனல் இதில் தாராளமாக உண்டு. வாசோபிரசின் என்ற ஹார்மோனுக்கு நன்றாகத் துள்ளும். ஆனால் செல்கள் நெருக்கமாக வளர்ந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டால், நீங்கள் எதுவும் சேர்க்காமலேயே அவற்றில் கால்சியம் தானாக ஏறி இறங்கத் தொடங்கும். மருந்தின் விளைவைப் பார்க்க வந்தவருக்கு அது பெரும் குழப்பம். செல்கள் வளரும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்கிளாஸில் பாதிக்குச் சற்று மேல் அவை மூடியிருக்கும் நாளில் அளந்துவிடுங்கள்.

தமனியிலிருந்து நீங்களே பிரித்தெடுத்த செல்லாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்கும் ஒரு கெடு உண்டு. மென்தசைச் செல் வளர்ப்புத் தட்டில் அதிக நாள் வாழ்ந்தால் தான் தசை என்பதையே மறந்துபோகிறது. சுருங்குவதற்கான புரதங்கள் குறைகின்றன, எல்-வகைச் சேனல் குறைகிறது, பெருகுவது ஒன்றே அதன் வேலையாகிவிடுகிறது. பத்தாம் தலைமுறைச் செல்லில், எல்-வகைச் சேனலை அடைக்கும் நிஃபெடிபின் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால், மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் செல்லில் சேனல் மீதமிருக்கிறதா என்று கேளுங்கள். பிரித்தெடுத்த அன்றே அளப்பது மேல். முடியாவிட்டால் முதல் சில தலைமுறைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரைசல்களும் தண்ணீரும்

அடிப்படைக் கரைசல் இது. சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 1.8, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, பிஹெச் மாறாமல் காக்கும் ஹெப்பீஸ் 10, எல்லாம் மில்லிமோலாரில், பிஹெச் 7.4. இதிலிருந்து மூன்று உறவுக்காரக் கரைசல்களைத் தயாரியுங்கள். பொட்டாசியம் 60 உள்ளதில் சோடியம் குளோரைடு 85 ஆகக் குறைய வேண்டும். பொட்டாசியம் 20 உள்ளதில் அது 125. ஒன்றைக் கூட்டும்போது மற்றதைக் குறைக்காவிட்டால் கரைசலின் அடர்த்தி மாறி, செல் சுருங்கிச் சிறுத்துவிடும். அந்தச் சிறுத்தலே கால்சியத்தை மாற்றக்கூடும். மூன்றாவது, கால்சியம் குளோரைடு சேர்க்காமல், கால்சியத்தைப் பிடித்துக்கட்டும் ஈஜிடிஏவை 1 மில்லிமோலார் சேர்த்தது.

"கால்சியம் சேர்க்காவிட்டால் போதாதா, ஈஜிடிஏ எதற்கு?" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. காய்ச்சி வடித்த தண்ணீரிலும், மற்ற உப்புகளிலும், கண்ணாடிப் பாத்திரத்தின் சுவரிலும் கால்சியம் ஒட்டிக்கொண்டிருக்கும். சில மைக்ரோமோலார் தேறும், அதாவது ஓய்விலிருக்கும் செல்லின் உள்ளே இருப்பதைப்போல் பல மடங்கு. இதயம் துடிக்கக் கால்சியம் வேண்டும் என்ற கண்டுபிடிப்பே தண்ணீரில் ஒளிந்திருந்த கால்சியத்திலிருந்து பிறந்ததுதான். சிட்னி ரிங்கர் 1883-இல் எழுதினார்: தவளை இதயத்தை நன்றாகத் துடிக்க வைத்த தம்முடைய உப்புக் கரைசல், காய்ச்சி வடித்த நீரில் அல்லாமல் லண்டன் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது, வடித்த நீருக்கு மாறியதும் துடிப்பு நின்றுபோனது, குழாய் நீரில் இருந்த கால்சியமே அத்தனை நாளும் இதயத்தைத் தாங்கியிருந்தது. ஈஜிடிஏ புட்டியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

சாயம் ஏற்றுதல்

ரோஜர் சியெனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985-இல் வெளியிட்ட ஃபியூரா-2 என்ற சாயத்தையே நான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். 340, 380 நானோமீட்டர் என இரண்டு அலைநீளங்களில் மாறி மாறி ஒளியூட்டி, 510 அருகே வெளிவரும் ஒளிர்வை அளக்க வேண்டும். கால்சியம் சேர்ந்தால் 340-இல் ஒளிர்வு கூடும், 380-இல் குறையும். இரண்டையும் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தை எடுத்துக்கொள்வதால், ஒரு செல் தடிமனாக இருப்பதும் மற்றொன்று குறைவாகச் சாயம் குடித்திருப்பதும் கணக்கைக் கெடுப்பதில்லை.

சாயத்தின் ஏஎம் எஸ்டர் வடிவம் மட்டுமே சவ்வைக் கடக்கும். செல்லுக்குள் போனதும் அங்குள்ள நொதிகள் எஸ்டரை அறுத்துவிட, சாயம் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. 2 முதல் 5 மைக்ரோமோலார் வரை எடுத்து, சாயம் கரைய உதவும் ப்ளூரானிக் எஃப்-127 சிறிதளவு கலந்து, அறை வெப்பத்தில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். பின்பு கழுவி, சாயமில்லாத கரைசலில் மேலும் 30 நிமிடம் இருட்டில் விடுங்கள். இந்த இரண்டாவது அரை மணியை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முழுவதும் அறுபடாத சாயம் ஒளிரும், ஆனால் கால்சியத்துக்கு அசையாது. விளைவாக எல்லா அளவீடும் உண்மையைவிடச் சிறியதாக வரும். 37 டிகிரியில் ஏற்றினால் வேகம் கூடும் என்பது சரிதான். ஆனால் சாயம் செல்லின் உள்ளறைகளுக்குள்ளும் புகுந்துவிடும்; பிறகு நீங்கள் அளப்பது எங்கே உள்ள கால்சியம் என்று சொல்ல முடியாது.

வெளிச்சம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். என் வேலையின் முதல் ஆண்டில் நான்கு மாதங்களை நான் இழந்தது இங்கேதான்.

நிஃபெடிபின் 1 மைக்ரோமோலார் கொடுத்து, 60 பொட்டாசியத்தால் செல்லைத் தூண்டினேன். கால்சியம் ஏறவே இல்லை. எதிர்பார்த்த விளைவு. கிண்ணத்தில் ஓட்டத்தை நிறுத்தி, மருந்தை அப்படியே விட்டு, ஒவ்வொரு நொடியும் படம் எடுத்துக்கொண்டே மீண்டும் மீண்டும் தூண்டினேன். பத்து நிமிடத்தில் துள்ளல் மெல்லத் திரும்பியது. இருபது நிமிடத்தில் பெரும்பகுதி மீண்டுவிட்டது. செல் மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்று குறிப்பேட்டில் எழுதினேன். அதை நம்பினேன். அடுத்தடுத்துப் பல வாரங்கள் அந்தப் "பழக்கத்தின்" காரணத்தைத் தேடினேன். குழுக் கூட்டத்தில் வரைபடங்களைக் காட்டியபோது மூத்த சக பணியாளர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மருந்து இருந்த சிரிஞ்சு எங்கே தொங்கியது?"

சன்னலருகே தொங்கியது, காலையிலிருந்து.

நிஃபெடிபினுக்கு வெளிச்சம் பகை. அதன் டைஹைட்ரோபிரிடின் வளையம் புற ஊதா ஒளியிலும் நீல ஒளியிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, சேனலைப் பிடிக்கும் திறனற்ற வேறொரு பொருளாகிவிடும். சன்னல் ஒளி சிரிஞ்சில் இருந்ததைத் தின்றது. ஃபியூரா-2-க்காக நான் பாய்ச்சிய 340, 380 நானோமீட்டர் ஒளியோ செல்லின் மேல் இருந்ததைத் தின்றது. எந்த ஒளியால் கால்சியத்தைப் பார்த்தேனோ அதே ஒளியால் மருந்தை அழித்துக்கொண்டிருந்தேன். சிரிஞ்சை அலுமினியத் தகடு சுற்றி மூடி, ஓட்டத்தைத் தொடர்ந்து விட்டு, பத்து நொடிக்கு ஒரு படம் மட்டும் எடுத்துச் செய்தபோது தடை நாற்பது நிமிடமும் அப்படியே நின்றது. செல் எதற்கும் பழகவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை. நிஃபெடிபின் ஸ்டாக் கரைசலைப் பழுப்பு நிறப் புட்டியிலோ தகடு சுற்றியோ வையுங்கள்; அன்றன்றைக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். அறை விளக்கைத் தணித்துவிடுங்கள். படம் எடுக்கும் கணத்தைத் தவிர மற்ற நேரம் நுண்ணோக்கி விளக்கின் ஷட்டர் மூடியிருக்க வேண்டும். கரைசல் ஓடிக்கொண்டே இருக்கட்டும், செல்லின் மேல் எப்போதும் புதிய மருந்து வந்துகொண்டிருக்கும். தேர்வு உங்கள் கையில் இருந்தால், வெளிச்சத்தை அதைவிட நன்றாகத் தாங்கும் அம்லோடிபினையோ, இந்தத் தொல்லையே இல்லாத வெரபாமில், டில்டியாசெமையோ எடுத்துக்கொள்ளுங்கள். 488 நானோமீட்டரில் ஒளியூட்டப்படும் ஃப்ளூவோ-4 சாயத்துக்கு மாறுவதும் ஒரு வழி. ஆனால் அதில் விகிதம் கிடையாது, ஒளிர்வின் ஏற்ற இறக்கம் மட்டுமே கிடைக்கும்.

இன்னொன்று: நிஃபெடிபின் மஞ்சள் நிறம். செறிவைக் கூட்டினால் ஃபியூரா-2-க்கு வேண்டிய ஒளியை அதுவே விழுங்கிக்கொள்ளும். செல்லே இல்லாத ஒரு கிண்ணத்தில் சாயத்தையும் கால்சியத்தையும் வைத்து, மருந்தைச் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் விகிதம் அசைந்தால் நீங்கள் பார்ப்பது வெறும் நிறம். குழாயைத் தளர்த்தும் மற்றொரு மருந்தான சோடியம் நைட்ரோபுருசைடும் வெளிச்சத்தில் கெடும். அதையும் தகடு சுற்றியே வைக்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

எந்த மருந்து வந்தாலும் நான் செல்லிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி, 60 மில்லிமோலார் பொட்டாசியம். செல்லுக்குள் பொட்டாசியம் 140 என்று வைத்துக்கொண்டால், வெளியே 5 இருக்கும்போது பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் 37 டிகிரியில் மைனஸ் 89 மில்லிவோல்ட். வெளியே 60 ஆக்கியதும் அது மைனஸ் 23-க்கு வந்துவிடுகிறது. சவ்வு அதன் பின்னே இழுபட்டு, எல்-வகைச் சேனல்கள் திறக்கின்றன. ஏற்பி எதுவும் இதில் பங்கேற்பதில்லை. இங்கே ஏற்றத்தை மருந்து அடக்கினால் அது சேனலிலேயே கை வைக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அம்லோடிபின், நிஃபெடிபின், வெரபாமில், டில்டியாசெம் எல்லாம் இங்கே அடக்கும். உறுதி செய்ய ஒரு பழைய உத்தி இருக்கிறது. 1960-களில் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன், வெரபாமில் கொடுத்த இதயத் தசையில் மின்துடிப்பு ஓடியும் சுருக்கம் மட்டும் வராமல் நின்றதைப் பார்த்தார். கால்சியத்தை நீக்கிவிட்ட தசை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வெளியே கால்சியத்தைக் கூட்டியதும் சுருக்கம் திரும்பியது. கால்சியம் எதிர்ப்பி என்ற கருத்து அந்தச் சோதனைகளில் உருவானது. நீங்களும் வெளிக்கால்சியத்தைக் கூட்டிப் பார்க்கலாம். சேனலில் அமர்ந்த மருந்தின் தடை ஓரளவு தளரும்.

இரண்டாம் கேள்வி, 20 மில்லிமோலார் பொட்டாசியம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். இப்போது சமநிலை மைனஸ் 52. சவ்வு அதைவிடச் சற்று மேலே நின்று, சில சேனல்கள் திறந்து, கால்சியம் மிதமாக ஏறும். இந்த நிலையில் மினாக்சிடில் சல்பேட் கொடுத்தால் கே-ஏடிபி என்ற பொட்டாசியம் சேனல்கள் திறந்து, சவ்வை மைனஸ் 52-ஐ நோக்கி இழுத்துவிடும், கால்சியம் இறங்கும். அதே மருந்தை 60 பொட்டாசியத்தில் கொடுங்கள். அங்கே பொட்டாசியம் சேனல் திறந்தாலும் சவ்வு போய்ச் சேருவது மைனஸ் 23-க்குத்தான், கால்சியம் அசையாது. 20-இல் இறக்கி 60-இல் கைவிடுகிற மருந்து பொட்டாசியம் சேனலைத் திறக்கும் மருந்து. இரண்டிலும் இறக்குவது கால்சியம் சேனலை அடைக்கும் மருந்து. இரண்டு புட்டி உப்புக் கரைசல் இத்தனை தெளிவாகப் பேசுவதை முதலில் பார்த்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. மினாக்சிடிலின் விளைவை, கே-ஏடிபி சேனலை மூடும் கிளிபென்கிளமைடு திருப்பிவிட்டால் ஐயம் முழுவதும் தீர்ந்தது.

மினாக்சிடில் வாங்கும்போது சல்பேட் என்று பார்த்து வாங்குங்கள். மாத்திரையில் இருப்பது கல்லீரலில் சல்பேட் ஏறிய பிறகுதான் வேலை செய்யும். தட்டில் கல்லீரல் இல்லை. இதே காரணத்தால் எனலாப்ரிலைத் தட்டில் கொடுத்து விளைவைத் தேடுவதும் வீண், எனலாப்ரிலாட் ஆன பிறகே அது மருந்து.

மூன்றாம் கேள்வி, கால்சியமில்லாத ஈஜிடிஏ கரைசலில் ஒரு தூண்டுபொருள். ஏ7ஆர்5 என்றால் வாசோபிரசின், தமனியிலிருந்து பிரித்த செல் என்றால் ஃபெனைல்எஃப்ரின் அல்லது ஆஞ்சியோடென்சின் II. வெளியே கால்சியம் இல்லாததால் ஏறுவதெல்லாம் கிடங்கிலிருந்து வருவது. ஒரு கூர்முனையாக ஏறி, ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். ஈஜிடிஏவுக்கு மாற்றி ஒரு நிமிடத்துக்குள் தூண்டிவிடுங்கள். காத்திருந்தால் கிடங்கு தானாக வடிந்துவிடும். பிறகு மருந்து தடுத்ததா, கிடங்கு காலியா என்று பிரித்தறிய வழியில்லை. ஏற்பிகளை அடைக்கும் மருந்துகளில், பிரசோசின் ஃபெனைல்எஃப்ரினின் கூர்முனையை அழிக்கும். லோசார்ட்டன் ஆஞ்சியோடென்சினின் கூர்முனையை அழிக்கும். பொட்டாசியத் தூண்டலில் இரண்டும் பேசாமல் இருக்க வேண்டும். ஒருவேளை பிரசோசின் 60 பொட்டாசியத்தையும் அடக்கினால் செறிவைத் தாறுமாறாகக் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள். ஹைட்ரலசின் என்ற மருந்து வேலை செய்யும் விதத்துக்குப் பல வழிகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. கிடங்கிலிருந்து கால்சியம் வெளிவருவதைத் தடுப்பது அவற்றில் ஒன்று. ஆகவே அதை எடுத்துக்கொண்டால் இந்த மூன்றாம் கேள்வியில் நிதானமாக நில்லுங்கள்.

லிசினோப்ரில் மூன்று கேள்விகளுக்கும் மௌனம் சாதிக்கும். அது ஆஞ்சியோடென்சின் உருவாகும் இடத்தில் வேலை செய்வது. உருவாக ஒன்றுமில்லாத தட்டில் அதற்கு வேலையில்லை. இதைத் தோல்வி என்று எண்ணி ஒரு மாணவி சோதனையைக் கைவிட இருந்தார். அந்த மௌனத்தை அறிக்கையில் எழுதச் சொன்னேன், ஏனென்றால் நோயாளியின் உடலில் அந்த மருந்து அழுத்தத்தைக் குறைப்பது உண்மை. தட்டில் அது எதுவும் செய்யாததே அது வேறு எங்கே வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

ஓர் எச்சரிக்கை. பொட்டாசியத் தூண்டலை ஒரே செல்லில் மீண்டும் மீண்டும் கொடுக்கலாம். ஆஞ்சியோடென்சினை அப்படிக் கொடுக்க முடியாது. முதல் முறைக்குப் பிறகு ஏற்பி சோர்ந்து, இரண்டாவது ஏற்றம் மருந்தே இல்லாமல் சிறுத்துவிடும். மருந்துள்ளதும் இல்லாததும் தனித்தனிக் கவர்கிளாஸில் இருக்கட்டும்.

எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம்

10 மைக்ரோமோலார் அம்லோடிபினில் கால்சியம் இறங்கியது என்று காட்டுவது எளிது. அம்மா விழுங்கும் மாத்திரை இரத்தத்தில் சேர்க்கும் அளவோ சில பத்து நானோமோலார்தான். அதிலும் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மைக்ரோமோலார் அளவுகளில் இந்த மருந்துகள் வேறு சேனல்களையும் சவ்வையும் தொடத் தொடங்கும். 1 நானோமோலாரில் ஆரம்பித்துப் பத்துப் பத்து மடங்காக ஏறுங்கள். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் கலந்த கட்டுப்பாடு ஒவ்வொரு நாளும் வேண்டும்.

அம்லோடிபின் மெதுவானது. நிஃபெடிபினுக்குச் சில நிமிடம் போதும். அம்லோடிபினுக்கு அரை மணியாவது கொடுங்கள். நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற டைஹைட்ரோபிரிடின் மருந்துகள், திறந்து பின் செயலற்றுப்போன நிலையில் இருக்கும் சேனலை இறுகப் பிடிக்கின்றன. இரத்தக்குழாய்த் தசையின் சவ்வு மைனஸ் 60 முதல் மைனஸ் 40 மில்லிவோல்ட் வரை நிற்பதால் அந்த நிலையில் சேனல்கள் நிறைய. மைனஸ் 80-க்குக் கீழே ஓய்வெடுக்கும் இதயத் தசையில் குறைவு. அம்லோடிபின் இதயத்தைப் பெரிதும் விட்டுவைத்துக் குழாயைத் தளர்த்துவதன் காரணத்தில் பெரும்பங்கு இதுதான். சோதனையிலும் இது தெரியும். குறைந்த செறிவில், பொட்டாசியம் கொடுத்தவுடன் எழும் முதல் முனை ஓரளவு தப்பித்துவிடும், அதன் பின் நீளும் சமவெளி அடங்கிவிடும். முனையை மட்டும் அளந்தால் மருந்தைக் குறைத்து மதிப்பிடுவீர்கள். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். வெரபாமில் சேனல் திறக்கத் திறக்கச் சேரும் மருந்து. முதல் தூண்டலைவிட மூன்றாவதில் தடை ஆழமாக இருக்கும்.

விகிதத்திலிருந்து நானோமோலாருக்கு

ஒவ்வொரு நாளும் கடைசியில் அளவுத்திருத்தம். கால்சியம் சவ்வைத் தாராளமாகக் கடக்க வழிசெய்யும் அயனோமைசின் 10 மைக்ரோமோலாரும் ஈஜிடிஏ 10 மில்லிமோலாரும் கொடுத்து, பிஹெச்சை 8-க்கு ஏற்றுங்கள். ஈஜிடிஏ அங்கேதான் கால்சியத்தை இறுகப் பிடிக்கும். கிடைப்பது மிகச் சிறிய விகிதம். பின்பு கால்சியத்தை 10 மில்லிமோலார் மிகும்படி சேர்த்தால் மிகப் பெரிய விகிதம். செல் இல்லாத இடத்தின் பின்னணி ஒளியை இரண்டு அலைநீளத்திலும் முதலிலேயே கழித்துவிட வேண்டும்.

கணக்கு எப்படி நடக்கும் என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டு. சிறிய விகிதம் 0.3, பெரிய விகிதம் 6.0, சாயத்தின் பிணைப்பு மாறிலி 224 நானோமோலார், கால்சியம் இல்லாதபோதும் நிறைந்தபோதும் 380-இல் வரும் ஒளிர்வுகளின் வகுத்தல் 8 என்று கொள்வோம். அளந்த விகிதத்திலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதற்கும் அளந்ததற்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, 224-ஆலும் 8-ஆலும் பெருக்க வேண்டும். ஓய்வில் விகிதம் 0.6 என்றால் 100 நானோமோலார். பொட்டாசியத்தில் 1.8 என்றால் 640. மருந்தோடு 0.9 என்றால் 211. விகிதத்தைப் பார்த்தால் மருந்து பாதியாக்கியதுபோல் இருக்கிறது. கால்சியமோ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. விகிதத்தையே வரைந்து அனுப்புவதை நான் ஏன் தடுக்கிறேன் என்பது இப்போது புரியும்.

ஒரு கிண்ணத்தில் 40 செல்கள் தெரிந்தால் அது 40 சோதனை ஆகாது. ஒரே சாயம், ஒரே கரைசல், ஒரே நாள் எல்லாவற்றுக்கும் பொது. கிண்ணத்தை ஒன்றாக எண்ணுங்கள். தமனியிலிருந்து பிரித்த செல் என்றால் விலங்கை ஒன்றாக எண்ணுங்கள்.

கால்சியம் குறையாமலே தளர்வது

சோடியம் நைட்ரோபுருசைடு கொடுத்துப் பாருங்கள். கால்சியம் ஓரளவு இறங்கும். ஆனால் அதே மருந்தைத் தமனி வளையத்தில் கொடுத்து இழுவிசையை அளந்தால் தளர்ச்சி கால்சியத்தின் இறக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். காரணம், நைட்ரிக் ஆக்சைடின் வழியில் மயோசினிலிருந்து பாஸ்பேட்டை உரித்தெடுக்கும் நொதியும் ஊக்கம் பெறுகிறது. அதே கால்சியத்தில் தசை குறைவாகவே இழுக்கும். ரோ கைனேஸ் என்ற மற்றொரு நொதி இதற்கு நேர் எதிராக, பாஸ்பேட்டை உரிக்கும் அந்த நொதியை அடக்கி, கால்சியம் ஏறாமலேயே தசையை இறுக்குகிறது. சாயம் மட்டும் போதும் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பாதி உலகத்தைப் பார்ப்பதே இல்லை. வசதி இருந்தால் வளையத்தின் விசையையும் கூடவே அளந்துவிடுங்கள்.

கால்சியம் ஏறினால் இறுக்கம் என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. 1995-இல் மார்க் நெல்சனும் சகாக்களும் காட்டியது இது: கிடங்கிலிருந்து சவ்வுக்கு அருகே சின்னஞ்சிறு பொறிகளாகத் தெறிக்கும் கால்சியம், பக்கத்தில் உள்ள பொட்டாசியம் சேனல்களைத் திறந்து, தமனியைத் தளர்த்துகிறது. செல் முழுவதன் சராசரியை எடுக்கும் நம் முறையில் அந்தப் பொறிகள் கரைந்துபோகும். அவற்றைப் பார்க்க வேகமான கன்ஃபோக்கல் நுண்ணோக்கி வேண்டும், அதற்குத் தனிக் கட்டுரையும் வேண்டும்.

வேலை முடிந்ததும் இறுதியாக ஒரு முறை மருந்தைக் கழுவிவிட்டு 60 பொட்டாசியம் கொடுங்கள். நிஃபெடிபின் கழுவினால் பெரும்பாலும் ஏற்றம் திரும்பும். அம்லோடிபின் எளிதில் போகாது. அந்தக் கவர்கிளாஸுக்கு அயனோமைசின் கொடுத்துச் செல் உயிரோடு, சாயத்தோடு இருந்தது என்பதையாவது உறுதி செய்துகொள்ளுங்கள். எதற்கும் அசையாத செல்லை எண்ணிக்கையிலிருந்து நீக்குங்கள், எத்தனை நீக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு குழாய்களைக் கவனியுங்கள். இந்த மருந்துகள் கொழுப்பை விரும்புகிறவை, சிலிக்கோன் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு மறுநாள் கட்டுப்பாட்டுக் கரைசலில் கசிந்து வரும். எத்தனாலால் கழுவி, பின்பு தண்ணீரை நீண்ட நேரம் ஓட விடுங்கள். அதோடு மருந்து ஓடும் குழாய் ஒன்று, மருந்தே பார்க்காத குழாய் ஒன்று எனப் பிரித்து, சிவப்பு நாடாவும் நீல நாடாவும் சுற்றி வைத்துவிடுங்கள். எங்கள் அறையில் சிவப்பு நாடா சுற்றிய குழாயைக் கட்டுப்பாட்டுக்கு யாரும் தொடுவதில்லை.